மாரக்காள் நெஞ்சுக்குள் தோல்முட்டை

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் மூன்று மணிக்கே கோழிப்பண்ணையிலிருந்து கிளம்பிவிடுவேன். மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வீடு சேர அப்போதுதான் சரியாக இருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் ஐந்தரை மணி வரை வேலை. சேர்ந்த புதிதில் சூப்பர்வைசரிடம் பயந்துகொண்டே கேட்டேன். எதற்கும் இசையாத மனிதர், "சரி, போ" என்று விட்டுவிட்டார். அம்மன்தான் அவர் மனசுக்குள் புகுந்து பேசினாள் என்று நம்பி, அதற்கும் சேர்த்து ஒரு விளக்கு அதிகமாகப் போட்டுவந்தேன்.

பதினோரு மாதம் அப்படிப் போயிற்று. ஒருநாள் குடையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். என் வரிசைக் கூண்டுகளுக்கு முன்னால் மாரக்கா குனிந்து நின்றிருந்தாள். தன் வரிசையை முடித்துவிட்டு, என் வரிசை முட்டைகளைப் பொறுக்கி அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசைக்கும் தானே பொறுப்பு என்று அவள் போய்ச் சொன்ன பிறகுதான் சூப்பர்வைசர் அந்தச் 'சரி'யைச் சொல்லியிருக்கிறார்.

"ஏக்கா, ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"என்னத்தச் சொல்றது? பின்ன யாரு பொறுக்குறான்னு நெனச்ச? உன்ற மாரியாயி சீலயத் தூக்கிச் சொருவிக்கிட்டு வந்து பொறுக்குறாளாக்கும்? போடி, பஸ்ஸு போயிரும்."

நல்லது செய்தாலும் திட்டுகிற குரலில்தான் செய்வாள். அவள் முழுப்பேர் மாரக்காள். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போன குடும்பம். எங்கள் ஊர் சென்றாயனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். சென்றாயன் முப்பது வருஷம் வடநாட்டு லாரி ஓட்டியவர். வீட்டில் இருந்த நாட்களைவிட ரோட்டில் இருந்த நாட்கள் அதிகம். ஒரே மகன் பூபதி, போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசத்தில் கிடப்பான். மருமகள் சுகன்யா, மூன்று வயதுப் பேத்தி இனியா, இவ்வளவுதான் வீடு. பண்ணையில் தீவன மூட்டையை ஆண்கள் இரண்டு பேர் பிடிக்கிற இடத்தில் மாரக்கா ஒருத்தியாக இழுத்துவருவாள்.

அவள் செத்துப்போனது விதி என்று ஊரில் சொல்கிறார்கள். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம். நான் சாமி கும்பிடுகிறவள். சாமி மேல் அந்தப் பழியைப் போட என்னால் முடியாது. அது விதி அல்ல, எட்டரை மணி நேரம். அந்த எட்டரை மணி நேரத்தில் யார் யார் என்ன செய்தோம் என்று எழுதிவைக்கிறேன். அதில் நானும் இருக்கிறேன்.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி. தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றாள்.

"ராசம்மா, தாடை கடுக்குதுடி."

பல்வலி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகில் இரண்டு தோள் சப்பைக்கும் நடுவில் வலி என்றாள். மழைக்காலக் காலையில் அவளுக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. வாந்தி எடுத்தாள். தீவன மூட்டை மேல் உட்காரவைத்து, "நெஞ்சு வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"வலின்னு சொல்ல முடியல. மேல ஒரு மூட்டயத் தூக்கி வெச்சாப்பல இருக்குது."

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "வாயு. சோடா குடிச்சா ஏப்பத்துல போயிரும்" என்றார். நான் ஓடிப்போய் டீ போடுகிற அடுப்பில் ஓமத்தண்ணி காய்ச்சினேன். அம்மன் பேரைச் சொல்லித்தான் கையில் கொடுத்தேன். குடித்தாள். அதையும் வாந்தி எடுத்தாள். நான் இன்னொரு தம்ளர் காய்ச்சினேன்.

பத்தரை மணிக்குச் சென்றாயன் டிவிஎஸ் வண்டியில் வந்தார். முந்தின நாள் மூட்டை இழுத்ததில் சுளுக்கு என்று அவர் ஒரே பார்வையில் முடிவு செய்துவிட்டார். நேராகப் பக்கத்து ஊரில் சுளுக்கு வழிக்கிறவரிடம் கொண்டுபோனார். விளக்கெண்ணெயை ஊற்றி, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் இழுத்தார்களாம். ஒவ்வோர் இழுப்புக்கும் அவள் கத்தினாள். கத்தினால் சுளுக்கு இறங்குகிறது என்று அர்த்தமாம். அதனால் இன்னும் அழுத்தி இழுத்திருக்கிறார்கள். பிறகு வீட்டில் படுக்கவைத்துப் பூண்டுப் பால் கொடுத்தார்கள்.

நாலு மணிக்கு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நான் போய்ப் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"ராசம்மா, இது வாயுமில்ல, சுளுக்குமில்ல. நான் செத்துக்கிட்டு இருக்கறேன். சாவறதுக்குள்ள என்னயப் பஸ்ஸு ஏத்து."

"சித்த இரு," என்றார் சென்றாயன். "பொழுதோட பூபதிக்குப் போன் போட்டு என்ன ஏதுன்னு கேட்டுப்போட்டு..."

"ஏனுங்க, அவன் மத்தியப் பிரதேசத்துல ரிக்கு மேல நிக்கறான். அங்கிருந்து எம்பட நெஞ்சுல போரு போட்டுப் பாத்துச் சொல்லுவானுங்களா?"

அந்த நிலையிலும் 'ங்க' போட்டுத்தான் பேசினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாமக்கல் டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். வழியில் எந்த நிறுத்தத்திலும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் விட்டார்கள். மணி நாலரை. அன்றைக்கு அவளை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள் அந்தக் கண்டக்டர்தான். ஈசிஜி எடுத்ததும் நூற்றெட்டு ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒரு முருகன் படம் மாட்டியிருந்தது. சென்றாயன் அதன் முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வேண்டினார்.

"முருகா, எம்பட மாரக்காவ உசுரோட குடுத்துரு. வார பங்குனி உத்திரத்துக்கு அவ கொடுமுடியில காவேரித் தண்ணி மோந்து, தலமேல வெச்சுக்கிட்டு, உன்ற பழனிக்கு நடந்தே வருவா."

நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளை தலையில் மொட்டை வேண்டுவோம். மாமியாருக்கு முடியவில்லை என்றால் மருமகள் பூமிதிப்பதாக வேண்டுவார்கள். வேண்டுகிற வாய் ஒன்று, சுமக்கிற உடம்பு இன்னொன்று.

ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்தாள். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம் ஒரே பாட்டைப் பாடியது: "அடைப்புத்தான் எடுத்தாச்சே, இனி என்ன?" அவளுக்கும் வலி இல்லை. ஒன்றரை மாதத்தில் பண்ணைக்கு வந்துவிட்டாள். ஐந்து வகை மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று நீர் மாத்திரை. அதைப் போட்டால் அரை மணிக்கு ஒருமுறை ஒதுங்க வேண்டும். பண்ணையில் பெண்களுக்கென்று இருந்த கக்கூசுக்குக் கதவு இல்லை. அதனால் வேலை நாட்களில் அந்த மாத்திரையை விட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

"அக்கா, மெதுமெதுவா நடந்து பழகிக்கோ. பங்குனிக்கு நானும் கூட வாரேன்," என்று நான்தான் அவளை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். வேண்டுதலைத் தட்டக் கூடாது என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

தை மாதம் சேலத்துக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். சென்றாயனுக்கு அன்று ஒரு கல்யாணம். நான் கூடப் போனேன். எக்கோ எடுத்த டாக்டர் தேவிப்ரியா சின்ன வயசுப் பெண். எடப்பாடியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் பேச்சிலேயே பேசியது. படுக்கவைத்துப் பசை தடவி, டிவி மாதிரி ஒரு பெட்டியில் நெஞ்சுக்குள் இருப்பதைக் காட்டியது.

"அம்மா, இது உங்க இதயத்துல எடது பக்கத்துக் கீழறை. ஒடம்பு பூராவுக்கும் ரத்தத்த அடிச்சு அனுப்பறது இதுதானுங்க. சுவரெல்லாம் உள்ள வந்து வந்து போவுது பாத்தீங்களா? இந்த ஓரத்தப் பாருங்க."

மாரக்கா தலையைத் திருப்பி உற்றுப் பார்த்தாள். "அது வேல செய்யாம நிக்குது."

"நின்னாக்கூடப் பரவால்லீங்க. மத்ததெல்லாம் உள்ள வாரப்ப இது மட்டும் வெளிய பிதுங்குது. எந்நேரத்துக்கு வலி வந்துச்சு, எந்நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?"

"எட்டு மணி. நாலரை மணி."

அந்தப் பிள்ளை நடுவில் போன நேரத்தை விரல் விட்டு எண்ணியது. பிறகு சொல்லியது. எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். ரத்தம் போகாத இடத்தில் தசை பட்டினி கிடந்து செத்துப்போகிறது. நேரம் ஆக ஆகச் சாவு பரவுகிறது. கையில் வெட்டுப்பட்டால் சதை வளருமே, அப்படி இதயத்தில் வளராது. முதல் வாரத்தில் உடம்பே செத்த சதையைத் தின்று துப்புரவு செய்யும். அப்போது அந்தச் சுவர் கொழகொழவென்று இருக்கும், மெலிந்துபோகும். அதற்கப்புறம் உடம்பு அந்த இடத்தில் நாராகப் போட்டுப் பின்னும். இரண்டு மாதத்தில் அது கெட்டித் தழும்பாகிவிடும். தழும்பு இல்லாவிட்டால் சுவர் கிழிந்திருக்கும், அதனால் அதையும் திட்ட முடியாது. ஆனால் நாருக்குச் சுருங்கத் தெரியாது. உயிரோடு இருக்கிற தசை தன் வேலையோடு இந்த நாரையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் அதன் பலத்தில் ஒரு பங்கு, தழும்பைப் பிதுக்குவதிலேயே வீணாகிறது. நாள்பட நாள்பட அறை நீள வாட்டம் போய் உருண்டையாகும், பெரிதாகும். பெரிதானால் அதே ரத்தத்தை அடிக்க இன்னும் அதிகம் மூச்சுப் பிடிக்க வேண்டும்.

"தோல்முட்டை," என்றாள் மாரக்கா.

டாக்டருக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். சில கோழிகள் ஓடு கட்டாத முட்டை இடும். உள்ளே எல்லாம் இருக்கும், மேலே வெறும் தோல். கையில் எடுத்தால் சாய்ந்த பக்கமெல்லாம் பிதுங்கும். அட்டையில் வைத்தால் சுற்றியிருக்கிற முட்டைகள் தாங்கினால்தான் நிற்கும். தாங்கித் தாங்கி அவற்றிலும் ஒன்றிரண்டு கீறிக்கொள்ளும்.

"அதேதானுங்க," என்றது அந்தப் பிள்ளை. "சுத்தி இருக்கறதும் கீறிக்கும்ங்கறீங்களே, அதுதான் என்ற பயம். தசைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஸ்பிரிங் இருக்குதுங்க. நல்லா இருக்கற தசையிலயும் இப்ப அந்த ஸ்பிரிங்க மாத்திப் போட்டு, தொளதொளன்னு நீட்டமா வேற ஒண்ணு வருது. அப்பறம் சுண்ணாம்புச் சத்து. அது தசைக்குள்ள வந்தாத்தான் தசை சுருங்கும், அத வாரித் திரும்பப் போட்டாத்தான் தளரும். அந்த வாரிப் போடற வேல இப்ப மந்தமாயிருச்சு."

"கோழிக்குத் தீவனத்துல சுண்ணாம்பு கலக்கறோமே, அத எனக்கும் ஒரு கை போடுங்க."

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. "கொறச்சலே இல்லீங்கம்மா. வாரறதுக்குக் கைதான் பத்தல. இன்னொண்ணு கேளுங்க. நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்ப உங்க இதயம் செஞ்சுக்கிட்ட சரக்குல சிலத இப்ப மறுபடியும் செய்ய ஆரம்பிச்சிருக்கு."

"அம்பத்து மூணு வயசுல எனக்குக் கொழந்த நெஞ்சா?"

"கொழந்தைக்கு அது போதுமுங்க. உங்களத் தாங்கப் பத்தாது."

மாத்திரைகளைப் பற்றி அப்புறம் சொன்னது. ரத்தம் குறைவாக வருகிறது என்று தெரிந்ததும் உடம்பு பயந்துகொள்கிறதாம், வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறதாம். 'உப்பைப் பிடி, தண்ணியைப் பிடி, குழாயை இறுக்கு, இதயமே வேகமாக அடி, நாரைப் போடு' என்று சிறுநீரகத்திலிருந்தும் நரம்பிலிருந்தும் சேதி வந்துகொண்டே இருக்கும். இரண்டு நாளைக்கு அது காப்பாற்றும். மாதக் கணக்கில் வந்தால் நல்ல தசைக்குள்ளும் நார் பரவும். அந்தச் சேதி காதில் விழாமல் அடைக்கத்தான் மாத்திரை. அதை நிறுத்தினால் வலி வராது. சத்தமில்லாமல் இதயம் உருமாறும்.

"எல்லாம் ஒழுங்காப் போடறீங்களா?"

மாரக்கா நீர் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். உடம்பில் தேங்குகிற தண்ணீரை இறக்கி மூச்சைக் காப்பது அந்த மாத்திரைதான். கதவு இல்லாத கக்கூசையும் சொன்னாள். அந்தப் பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. அவள் காலை அழுத்திப் பார்த்தது. விரல் பதிந்த குழி நிறைய நேரம் எடுத்துத்தான் மேலே வந்தது.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுமா? தலையில தண்ணிக் கொடத்தோட பழனிக்கு நடக்கலாமா?" என்றாள் மாரக்கா.

"தெனமும் அரை மணி நேரம் சமதரையில நடங்க, நல்லது. சாமிகிட்ட நான் பேச முடியாதுங்க. ஆனா அறுபது இருக்க வேண்டிய பம்பிங் முப்பத்தஞ்சுதான் இருக்குது. பங்குனி வெயிலு, தலச்சுமை, நாலு நாளு... வேண்டாமுங்கம்மா. ரெண்டு மணி நேரத்துல வந்திருந்தீங்கன்னா இந்தத் தழும்புல பாதிகூட இருந்திருக்காது. நடந்தே போயிருக்கலாம்."

ரெண்டு மணி நேரம். நான் அடுப்பைப் பற்றவைத்து, ஓமத்தை வறுத்து, காய்ச்சி, ஆற்றி, இரண்டாம் தம்ளரும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அதை அவளிடம் சொல்லி அழ வேண்டும் என்று தோன்றியது. சொல்லாமல் மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். அவளும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நீ சாமிகிட்டப் பேசறவ. கேட்டுச் சொல்லு, நான் நடக்கோணுமா?" என்றாள். நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சுருட்டினேன். நடக்கலாம் என்று சொன்ன வாய்தான் இது.

வீட்டில் சென்றாயனுக்கு எக்கோத் தாளைக் காட்டினாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அடைப்பு எடுத்தாச்சு. டீசல் பைப்புல அடைப்பு எடுத்தா வண்டி ஓடோணுமல்லோ?" என்றார்.

"ஏனுங்க, முப்பது வருசம் லாரி ஓட்டுனீங்க. ஆயிலு இல்லாம எட்டரை மணி நேரம் வண்டிய ஓட்டுனா என்னாவுமுங்க?"

"எஞ்சின் சீஸாயிரும்."

"அப்பறம் ஆயில ஊத்துனா?"

"ஆயில ஊத்தி என்ன பண்றது? சீஸானது சீஸானதுதான்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். மென்றதை விழுங்கினார். ஆனாலும், "வேண்டுதல வெச்சாச்சு மாரக்கா. சாமி காரியம்," என்றார்.

அந்தச் சாமி காரியத்துக்கு மாரக்கா ஒப்பவில்லை என்பது ஊரெல்லாம் பரவியது. பைப்படியில் பெண்கள் இவளைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். மாசி மாதம் பேத்தி இனியாவுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்றி மூன்று. சுகன்யா மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். அவளே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அத்தை, நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஊருலதான் சொல்றாங்க... வேண்டுதலத் தட்டுனா பாப்பாவுக்கு..." என்று அழுதாள்.

ஐந்து நாளில் காய்ச்சல் மருந்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் மாரக்கா பிடிவாதத்திலிருந்து இறங்கிவிட்டாள். "நடந்தே செத்துட்டுப் போறேன். பாப்பாவுக்கு ஒண்ணுன்னா அத நான் எந்த நெஞ்ச வெச்சுத் தாங்கறது?" என்றாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன் வந்ததில்லை. ஒரு குழந்தையின் காய்ச்சலைக் காட்டி ஒரு பொம்பளையைச் சாவுக்கு நடத்துகிற சாமி எந்தக் கோயிலில் இருக்கிறான்? நான் கும்பிடுகிற சாமி அவன் இல்லை.

பங்குனியில் தீர்த்தக் குடம் எடுப்பவர்களுக்கு ஊர்க் கோயிலில் காப்புக் கட்டினார்கள். காலை வெயிலில் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். மாரக்கா மஞ்சள் சீலை கட்டி நின்றாள். பக்கத்தில் சென்றாயன் பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடத்தைப் பிடித்திருந்தார். காப்புக் கட்டுமுன் ஒவ்வொருவரிடமும் பூசாரி ஒரு கேள்வி கேட்பார். அது முறை.

"யாரு வேண்டுனது?"

"நான்தானுங்க," என்றார் சென்றாயன்.

"சொமக்கறது?"

"அவதானுங்க."

பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தார். மாரக்கா கையை நீட்டினாள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க," என்று புருஷன் பக்கம் திரும்பினாள். "சாமி முன்னால நிக்கறோம், பொய் பேசக் கூடாது. அன்னிக்கு நான் நடந்து வாரேன்னு எதுக்கு வேண்டுனீங்க? நீங்க நடந்து வாரேன்னு ஏன் வேண்டல?"

சென்றாயன் குடத்தைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார். சாமி சன்னதியில் முப்பது பேர் பார்க்க, அந்த மனிதர் உண்மையைச் சொன்னார்.

"எம்பட முட்டி தாங்காதுன்னுதான்."

யாரோ சிரித்தார்கள். மாரக்கா சிரிக்கவில்லை.

"முட்டி தாங்காது. உங்க முட்டி உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. காத்தால இருந்து நான் கத்துனனே, அது தெரியலீங்களா? எண்ணய ஊத்தி இழுக்க இழுக்கக் கத்துனனே, அது கேக்கலீங்களா? நான் கண்ண மூடிக் கெடக்கறப்ப, எம்பட தலமேல கொடத்த வெச்சீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்த முருகன்தான் உங்ககிட்டக் கொடம் கேட்டானா? எம்பட நெஞ்சுல ஒரு பக்கம் செத்துக் கெடக்குது, மறுபக்கம் அதயும் சேத்து இழுத்துக்கிட்டு ஓடுது. உங்களயும் சேத்து இழுத்துக்கிட்டு முப்பது வருசமா நான் ஓடுனனே, அதே மாதிரி!"

பூசாரி மெதுவாக, "வேணும்னா பூக் கேட்டுப் பாத்துரலாமா? சாமி என்ன உத்தரவு குடுக்குதுன்னு..." என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லிக் கேட்பது எங்கள் வழக்கம்.

"பூவக் கேக்க வேண்டாமுங்க. இதக் கேளுங்க." இடுப்பிலிருந்து மடித்த எக்கோத் தாளை எடுத்து, சாமி காலடியில் தேங்காய்க்கும் பழத்துக்கும் நடுவில் வைத்தாள்.

"பம்பிங் முப்பத்தஞ்சுதானுங்க!" என்று ஒரு குரல் கத்தியது. திரும்பிப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

பூசாரி தாளை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன்மேல் ஒரு சிட்டிகை திருநீறு போட்டு அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு மஞ்சள் கயிற்றைச் சென்றாயன் மணிக்கட்டில் கட்டினார்.

சென்றாயன் நடந்தார். லாரியில் ஆயிரம் தடவை போன ரோட்டில் முதல் தடவையாகக் காலால் நடந்தார். நாலாம் நாள் பழனியிலிருந்து பேசி, "தண்ணி ஊத்தியாச்சு மாரக்கா" என்று போனில் அழுதாராம். திரும்பி வந்தபோது பாதமெல்லாம் கொப்புளம், முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மாரக்கா அவரைப் படுக்கவைத்து விளக்கெண்ணெய் ஊற்றி, வாகாகப் பிடித்து இழுத்தாள். அவர் கத்தினார்.

"கத்தாதீங்க. சுளுக்கு எறங்குது," என்றாள்.

அதற்குப்பிறகு அவள் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. பண்ணை ஆபீஸ் முன்னால் போய் நின்று, "இன்னிக்கு நீர் மாத்திர போட்டிருக்கறேன். கதவு வெக்கறீங்களா, இங்கயே ஒக்காரட்டுமா?" என்று கேட்டாள். மறுநாள் கதவும் தாழ்ப்பாளும் வந்தன. இன்றைக்கு வரைக்கும் பதினாறு பெண்கள் அந்தக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். உட்கார்ந்து முட்டை தரம் பிரிக்கிற வேலைக்கு அவளை மாற்றினார்கள். தோல்முட்டை வந்தால் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு பத்திரமாகத் தனிக் கிண்ணத்தில் இறக்குவாள்.

ஆனாலும் செத்த சதை திரும்பவில்லை. மாத்திரை அந்த உருமாற்றத்தை மெதுவாக்கும், முழுசாக நிறுத்தாது என்று அந்த டாக்டர்ப் பிள்ளை அன்றே சொல்லியிருந்தது. ஒன்றரை வருஷம் ஓடியது. போன ஐப்பசியில் இரண்டு தலையணை வைத்தும் படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாள். இந்தத் தடவை யாரும் வாயு என்று சொல்லவில்லை. சென்றாயன்தான் நூற்றெட்டுக்குப் போன் போட்டார், முதல் மூச்சுத் திணறலிலேயே. சேலத்துக்கு எடுத்துப்போனார்கள். அங்கிருந்து அவள் திரும்பவில்லை. எட்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்ததைத்தான் அவள் இவ்வளவு நாள் வைத்து ஓட்டினாள்.

அவளை வண்டியில் ஏற்றிய அன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணி. கோயிலுக்குக் கிளம்பிய நான் பூக்கூடையோடு ஓடிவந்து ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓமத்தண்ணியைப் பற்றி அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று, "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவள் மூக்கில் வைத்திருந்த ஆக்ஸிஜன் மூடியைக் கையால் விலக்கினாள். கண்ணில் அதே கோபம்.

"தெரியும் போடி. இனி எவளாச்சும் தாடை கடுக்குது, முதுகு வலிக்குதுன்னு வந்தா, ஓமத்தண்ணி காச்சிக்கிட்டு நிக்காத. சாமிய அப்பறம் கும்புட்டுக்கலாம். மொதல்ல அவளப் பஸ்ஸு ஏத்து."